கிணறு ஒன்று, அடுப்பு பல: திருச்செந்தூர் வட்டாரத்தின் கூட்டுக் குடியிருப்பு வடிவங்கள்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

திருச்செந்தூரில் ஆண்டு முழுவதும் இரண்டு வகையினர் இடம் தேடுகிறார்கள். முருகனைக் காண வந்து ஓரிரவோ ஆறு நாளோ தங்கிப் போகிறவர்கள் ஒரு வகை. இங்கேயே இருக்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பெரிய வீட்டில் தனியாக விளக்கேற்றும் முதியவர்கள். கடைகளிலும் விடுதிகளிலும் வேலை பார்க்கும் பெண்கள். ஆதித்தனார் கல்லூரிகளுக்குப் படிக்க வரும் பிள்ளைகள். உடன்குடி அனல்மின் நிலையத்துக்கும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் வேலைக்கு வரும் தொழிலாளிகள் எல்லாரும் இந்த இரண்டாம் வகையில் சேர்வார்கள்.

வந்து போகிறவர்களுக்காக ஊர் நிறையக் கட்டியிருக்கிறது. 2024இல் கோயில் நிர்வாகம் திறந்த புதிய யாத்திரிகர் விடுதியில் இருவர் அறைகள், பலர் சேர்ந்து தங்கும் கூடங்கள், சமையலறையோடு கூடிய பேரறைகள் என்று பல தரத்தில் இடம் உண்டு. இருக்க வேண்டியவர்களுக்கோ ஒற்றை அறையும் மாடிப் போர்ஷனும்தான். பத்துப்பேர் பத்து அறைகளில் தனித்தனியே வாடகை கொடுத்து, தனித்தனியே தண்ணீர் வாங்கி, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆளில்லாமல் கிடக்கிறார்கள். அவர்கள் கூடி வாழ ஒரு வீடு கட்டுவதென்றால் அதற்கு என்ன வடிவம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அதற்கான விடை இந்த மண்ணிலேயே பாதிக்கு மேல் இருக்கிறது என்பது என் முடிபு. ஆகவே ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கடல் வரை உள்ள கடைமடைப் பகுதியை முதன்மையாகவும், தாமிரபரணிப் படுகையின் பிற ஊர்களைத் துணையாகவும் எடுத்துக்கொள்கிறேன். ஒப்பிட வேண்டிய இடங்களில் வெளியூரும் வெளிநாடும் வரும்.

2. வட்டாரத்தில் உள்ள வடிவங்கள்

2.1 வளவு

நெல்லைச் சீமையில் வளவு என்றால் விளக்கம் தேவையில்லை. தெருவில் ஒரே வாசல். உள்ளே நீண்ட நடை. அதன் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ பொதுச்சுவரோடு ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தார்சா என்னும் முன்தாழ்வாரம், பட்டாசல் என்னும் கூடம், புகை படிந்த ஓர் அடுக்களை. நடை முடியும் இடத்தில் கிணறும் துவைகல்லும். அதற்கும் பின்னால் எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை. வீட்டுச் சொந்தக்காரர் பெரும்பாலும் தெருப்பக்கத்து வீட்டில் இருப்பார், அல்லது அடுத்த தெருவில்.

இந்த அமைப்பின் அறிவு அதன் வரிசையில் இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வருகிறவர் எல்லா வீட்டுத் தார்சாவையும் கடந்துதான் கிணற்றுக்குப் போக முடியும். யார் வந்தார், யார் இன்னும் எழுந்திருக்கவில்லை, எந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை என்பது கேட்காமலே தெரியும். காலை பத்து மணி வரை ஒரு கதவு திறக்காவிட்டால் யாராவது ஒரு மதினி தட்டிப் பார்த்துவிடுவாள். தனியே இருக்கும் முதியவருக்கு இன்று பெருநகரங்களில் அவசர மணியும் கண்காணிப்புக் கருவியும் விற்கிறார்கள். வளவில் அந்த வேலையை நடைபாதை செய்தது.

குறைகளும் அதே வரிசையில்தான் இருந்தன. பார்வை போகாத இடம் கிடையாது. புதிதாக மணமானவர்களுக்கு அது சிறை. சண்டை எதற்கு வந்தது என்று பார்த்தால், கிணற்றில் வாளி போடும் முறை, கழிப்பறை கழுவும் முறை, ஒரே மீட்டரில் ஓடும் மின்கட்டணம் என்ற மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கும். வண்ணதாசன், வண்ணநிலவன் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்த நெருக்கத்தின் இதமும் தெரியும், மூச்சுமுட்டலும் தெரியும். இன்று வளவுகள் இடிபட்டு, அதே மனையில் கடைகளும் அடுக்குமாடிகளும் எழுகின்றன. அவற்றை அளந்து வரைந்து வைக்க யாரும் இல்லாமலே அவை மறைவது எனக்குப் பெரிய வருத்தம்.

2.2 மடம்

திருச்செந்தூர்த் தெருக்களில் நடந்தால் சமுதாயப் பெயர் தாங்கிய மடங்களும் மண்டபங்களும் வரிசையாக வரும். கட்டட அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னால் உயர்ந்த திண்ணை, உள்ளே தூண்கள் நிற்கும் பெரிய கூடம், நடுவில் அல்லது பின்னால் வானம் தெரியும் முற்றம், கிணறு, பெரிய அடுப்புகள் வைத்த சமையற்கட்டு, சாமான் அறை. பூட்டுகிற அறை குறைவு. கூடத்தில் பாயை விரித்தால் அதுதான் இடம்.

கந்த சஷ்டிக்கு இந்த ஊர் வேறு ஊராகிவிடும். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாளும் விரதம் இருக்கிறவர்கள் மடங்களிலும், கோயில் வளாகத்தில் போடும் தற்காலிகக் கொட்டகைகளிலும் தங்குவார்கள். அதிகாலையில் கடல் நீராட்டு, பிறகு கடலோர நன்னீர்க் கிணறான நாழிக்கிணறு, பகலெல்லாம் பாராயணம், ஒருவேளை உணவு அல்லது பாலும் பழமும். முன்பின் தெரியாத குடும்பங்கள் ஒரு புடவை அகல இடைவெளியில் ஆறு இரவு படுத்து எழுகின்றன. ஆறாம் நாள் மாலை சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் திருக்கல்யாணம் பார்த்துக் கலைகிறார்கள். இத்தனை நெருக்கத்தில் இத்தனை பேர் பெரிய பூசலின்றி இருக்க முடிவதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. விரதம் சமையலை எடுத்துவிடுகிறது. சமையல் போனதும் பாதிப் பூசல் போய்விடுகிறது.

2.3 குடில்

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போடுகிறவர்கள், தங்கள் ஊரிலேயே தென்னங்கிடுகால் குடில் போட்டு அங்கே தங்குவார்கள். நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தொரு நாள், பத்து நாள் என்று அவரவர் நேர்த்திக்கு ஏற்பக் காலம் மாறும். தசரா செட் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். குடிலில் ஒரே அடுப்பு. முறைவைத்துச் சமைப்பார்கள், ஒருவேளைதான் சாப்பாடு. காளி வேடமோ குறவன் வேடமோ போட்டு ஊர்ஊராகக் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் கோயிலில் சேர்த்தபின் குடிலைப் பிரித்துவிடுவார்கள். கட்டும்போதே பிரிக்கும் நாளும் தெரிந்த வீடு அது.

2.4 காயல்பட்டினத்துத் தாய்வீடு

திருச்செந்தூருக்கு வடக்கே கடற்கரையிலேயே இருக்கும் காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போகும். மணமானபின் பெண் ஊர் மாறுவதில்லை, தெருகூட மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வணிகத்துக்காக ஆண்கள் கொழும்பிலும் கீழ்த்திசை நாடுகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த ஊருக்கு அந்த ஏற்பாடு பொருந்தியது. ஆண்கள் புழங்கும் தெருவாசல் முன்னால். பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரப் பின்னால் முடுக்கு. பெண்கள் கூடுவதற்கும் தொழுவதற்கும் தனியே தைக்காக்கள். ஒரே வீட்டில் தாயும் மணமான மகளும் சேர்ந்து சமைக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியில் வழக்கமாக மோதிக்கொள்ளும் மாமியாரும் மருமகளும் இங்கே ஒரு கூரையின் கீழ் வருவதே இல்லை. பகிரும் அறையை யார் யாரோடு பகிர்கிறார் என்று பார்த்துத்தான் வடிவம் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

2.5 லயம்

படுகையின் மேல்தலையில், மாஞ்சோலைத் தோட்டங்களில், தொழிலாளிகளுக்குக் கட்டிய லயன் வீடுகள் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்த பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே 2024இல் தொழிலை நிறுத்தியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்களுக்கு வேலையோடு வீடும் போனது. இலங்கை மலையகத்திலும் இதே லயம்தான். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, உடைமை முழுவதும் தோட்டத்திடம். இந்திய உதவியோடு மலையகத்தில் வீட்டுத் திட்டம் வந்தபோது ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு கொடுக்கப்பட்டது. மலையக மக்கள் நெடுங்காலமாகக் கேட்டதும் தனி வீடுதான். கூடி வாழ்வதன் மேன்மையைப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பிறர் அடுக்கி வைத்த நெருக்கத்தில் நூறாண்டு இருந்தவர்கள் தனிச்சுவர் கேட்பது முழுக்க நியாயம்.

3. அடுப்பும் தங்கும் காலமும்

மேற்சொன்ன வடிவங்களைத் தங்கும் காலத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஆறு நாள் சஷ்டியில் பெரும்பாலோருக்கு அடுப்பே இல்லை. பத்து முதல் நாற்பத்தெட்டு நாள் வரை நீளும் குடிலில் ஒரே அடுப்பு. ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு இருக்கும் வளவிலும், தலைமுறைக்கணக்கில் இருந்த லயத்திலும் வீட்டுக்கு ஓர் அடுப்பு. காலம் நீள நீள அடுப்பு பிரிகிறது. ஆனால் கிணறு பிரிவதில்லை. குடிலானாலும் வளவானாலும் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான். காயல் வீடு மட்டும் விலக்கு. அங்கே ஆயுள் முழுவதும் ஒரே அடுப்பு நிற்பதற்குத் தாய்மகள் உறவு அடித்தளமாக இருக்கிறது. அந்நியர்கள் சேரும் வீட்டுக்கு அந்த அடித்தளம் கிடையாது.

இந்த ஒழுங்கை மீறிச் சென்ற பெருமுயற்சி ஒன்று திருச்செந்தூரோடு தொடர்புடையது. 1833 மாசியில் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டார் என்பது அய்யாவழியினர் நம்பிக்கை. அந்தக் கடற்கரையில் இன்று அவதாரப்பதி இருக்கிறது. பின்னாளில் அவர் ஏற்படுத்திய துவையல் தவசில் எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் ஆறு மாதமும், பிறகு முட்டப்பதியில் ஆறு மாதமும் சேர்ந்து வாழ்ந்ததாக அய்யாவழி மரபு சொல்கிறது. நாள்தோறும் கடலில் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மரக்கறி உணவைச் சேர்ந்து உண்டார்கள். மேலாடை அணியவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், தூய்மையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட செயல் அது. கூட்டு வாழ்வு பற்றிய உலக வரலாற்றில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சி. ஆயினும் அதுவும் தவசாகத்தான் நடந்தது, ஓராண்டளவில் முடிந்தது. அதன் பிறகு நிலைத்தவை நிழல்தாங்கல்கள் என்னும் சிறு வழிபாட்டிடங்களும் சமபந்தியும் சாமித்தோப்பின் முத்திரிக்கிணறு என்னும் பொதுக்கிணறும். அடுப்பு வீட்டுக்குத் திரும்பியது, கிணறும் பந்தியும் பொதுவாக நின்றன.

வெளியே பார்த்தாலும் இதே முடிவுதான். டென்மார்க்கில் ஹில்லரோட் அருகே 1972இல் மக்கள் குடியேறிய சேட்டெடாம்மென், இன்று உலகெங்கும் பேசும் கூட்டுக் குடியிருப்பு முறைக்கு முன்னோடி. அங்கே பொது வீட்டில் சேர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் முழுமையான சமையலறையும் உண்டு. ஆரோவில்லில் 1997இல் சுஹாசினி ஐயர் வடிவமைத்துக் கட்டிய சூரிய சமையற்கூடம் மதியம் ஏறக்குறைய ஆயிரம் பேருக்குச் சமைக்கிறது. அங்கும் வீடுகளிலிருந்து அடுப்பு அகற்றப்படவில்லை. விரும்பினால் பந்தி, இல்லையென்றால் தன் அடுப்பு என்ற வழி திறந்திருப்பதால்தான் பந்தி நீடிக்கிறது.

நம் முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தவறுகின்றன. ஐம்பது ஆண்டு சமைத்த ஒரு பெண்ணை உள்ளே சேர்க்கும்போது முதலில் அவளிடமிருந்து போவது அடுப்பு. உப்பு எவ்வளவு, ரசத்தில் பூண்டு உண்டா இல்லையா, காப்பி எத்தனை மணிக்கு என்ற எதிலும் அன்று முதல் அவளுக்குச் சொல் இல்லை. வசதி செய்து கொடுத்ததாக நடத்துகிறவர் நினைக்கிறார். அவளோ வீட்டை இழந்ததாக உணர்கிறாள், அந்த உணர்வு சரியானது. ஒரு சிறு மேடை, ஒரு மின்னடுப்பு, ஒரு தொட்டி போதும். அதற்கு நாலடிக்கு ஆறடி இடம் கொடுக்க மறுக்கும் வடிவமைப்பு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விடுதிதான்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பை 18,720 படுக்கைகள் என்று கணக்கிட்டார்கள். தொழிற்பேட்டைப் பெண்களுக்குப் பாதுகாப்பான இடம் கிடைத்தது நல்லதே, முன்பிருந்த நெருக்கடியை நினைத்தால் மிக நல்லது. என்றாலும் எண்ணும் அலகு படுக்கையாக இருக்கும்வரை வீடு வராது. திருச்செந்தூரில் கட்டும்போது அடுப்பை அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை. எத்தனை அடுப்போ அத்தனை வீடு.

4. யாருக்கு இடம்

கிணறு பிரிவதில்லை என்று மேலே எழுதினேன். சாதிக்குள் மட்டும்தான் அது உண்மை. வளவு அமைதியாக நடந்ததற்கு அதில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதியாகவோ, ஒன்றையொன்று அண்டிப் பழகிய சாதிகளாகவோ இருந்ததும் ஒரு காரணம். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் ஊரும் தெருவும் விசாரித்து, அதன் வழியே சாதியை அறிந்து, இடமில்லை என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்றும் போகவில்லை. மடங்களின் வரலாறும் அதுவே. நுழைய விடாத ஊரில் தனக்கென்று ஒரு கூரை வேண்டியிருந்தது. நாடார் வணிகர்கள் உறவின்முறைப் பணத்தில் ஊர்ஊராகப் பேட்டைகள் கட்டியதும் அந்தத் தேவையால்தான். 1939இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரை கோயிலுக்குள்ளேயே எல்லாரும் போக முடியாத நாட்டில், தன் மடம் என்பது தன்மானத்தின் கட்டடம். இன்று பல மடங்கள் வாடகைக்கு எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஆனாலும் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயன்ற அரசுத் திட்டம் சமத்துவபுரம். 1995இல் கொடியன்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதல், அதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களெங்கும் பரவிய சாதிக் கலவரங்கள் ஆகியவற்றுக்குப் பின் 1997இல் மு. கருணாநிதி அரசு அதை அறிவித்தது. முதல் சமத்துவபுரம் 1998 ஆகஸ்டில் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சுடுகாடும் ஒன்றே. ஒதுக்கீட்டை அடுத்தடுத்த வீடுகளாகக் கலந்து கொடுத்தது அதன் துணிச்சல். அந்தத் துணிச்சலுக்கு இணையாக வேறெதுவும் தமிழக வீட்டு வரலாற்றில் நடக்கவில்லை என்றே கருதுகிறேன்.

வடிவத்தில் மட்டும் அது போதாது. தனித்தனி மனையில் தனித்தனி வீடு, நாற்புறமும் இடைவெளி. பொதுவானவை சமுதாயக்கூடமும் ரேஷன் கடையும் போன்றவை, அதாவது எப்போதாவது போகும் இடங்கள். நாள்தோறும் இருமுறை தற்செயலாகச் சந்திக்க வைக்கும் கிணற்றடி அதில் இல்லை. வளவில் சேர்ந்திருக்கும் வடிவம் இருந்தது, கலப்பு இல்லை. சமத்துவபுரத்தில் கலப்பு இருந்தது, சேர்ந்திருக்கும் வடிவம் இல்லை. இரண்டையும் ஒரே மனையில் கொண்டுவருவதுதான் இனிச் செய்ய வேண்டியது.

சட்டம் இதைத் தானாகச் செய்து தராது. ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒரு சமயத்தாருக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்று 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எல்லாருக்கும் இடம் என்பதைச் சங்கத்தின் துணைவிதியில், தொடக்கத்திலேயே, மாற்ற முடியாத பிரிவாக எழுதியாக வேண்டும். எந்தப் பிரிவினரும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடியும், காலியாகும் வீடு குலுக்கலில் போகும்படியும் எழுதலாம். இன்னாருக்கு என்று ஒரு மூலை ஒதுங்கிவிடாமல் இருக்க, எந்த வீடு யாருக்கு என்பதையும் குலுக்கலே தீர்மானிக்கட்டும்.

5. மண், நீர், உப்புக்காற்று

நாழிக்கிணற்றைப் பக்தியோடு பார்க்கிறவர்கள் அதைப் பொறியியலாகவும் பார்க்கலாம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நன்னீர். மணலில் இறங்கிய மழைநீர், எடை கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் அடியில் ஏறக்குறைய நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. திருப்பிச் சொன்னால், இறைத்து ஓரடி குறைத்தால் உப்பு நாற்பது அடி வரை மேலேறக்கூடும். இந்தக் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு ஆழ்துளை போடுவது அவரவர் குடிநீரை அவரவரே உப்பாக்கிக்கொள்வது. ஆழமில்லாத ஒரே திறந்த கிணறு, அதிலிருந்து மெல்ல இறைக்கும் சிறிய மோட்டார் போதும். இங்கே பொதுக்கிணறு மண்ணே கேட்கிற ஏற்பாடு.

குடிநீருக்குக் கூரையே போதும். பதினாறு அடுப்பு, முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 400 சதுர மீட்டர் கூரையில் 2,40,000 லிட்டர் விழும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்றால் ஆண்டுக்கு 54,750 லிட்டர். அறுபதாயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை முற்றத்தின் அடியில் கட்டினால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம்.

மழை எப்போதும் கணக்குக்குள் நிற்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் பெய்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கே சிக்கிக் கிடந்தபோது, தங்கள் வீட்டிலும் வெள்ளம் இருந்த நிலையில் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொரு கூட்டு வீட்டிலும் ஒரு பெரிய அடுப்படி தரைமட்டத்துக்கு நன்கு மேலே இருக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு நாள் எனக்கு உறுதியாக்கியது. அன்றாடத்துக்குத் தேவைப்படாத அடுப்பு அது. வெள்ளத்தன்றும், கல்யாணத்தன்றும், துட்டி வீட்டன்றும் தேவைப்படும்.

உப்புக்காற்று எளிதில் மன்னிக்காது. 2017 டிசம்பரில் கோயிலின் கிரிப்பிரகார மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒரு பெண் உயிரிழந்ததை ஊர் மறக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடற்கரைக் கட்டடத்தில் கம்பியின் மேல் காங்கிரீட் மூடல் 45 மில்லிமீட்டர், காங்கிரீட்டின் வலிமை எம் 30க்குக் குறையக் கூடாது. உள்ளூர்க் கொத்தனார் வழக்கமாக விடும் இருபது மில்லிமீட்டர் இங்கே செல்லாது. இயன்றவரை கம்பியையே குறைப்பது இன்னும் நல்லது. சுமைதாங்கும் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வைரம் பாய்ந்த பனங்கை போட்ட ஓட்டுச்சாய்ப்பு ஆகியவை இந்தத் தேரிக்காட்டு மண்ணுக்குப் பழகியவை. பொதுக்கூரை என்றால் பழுதும் பொது. அதை யார் பார்ப்பது என்ற கேள்வி ஏழாம் பகுதிக்குப் போகிறது.

6. வடிவமைப்பு

6.1 தனியானவை

ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வேண்டியவை ஐந்து: படுக்கையறை, சிறு அடுப்பு, கழிப்பறை, மின்மீட்டர், தார்சா. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது. நான் பன்னிரண்டு கொடுப்பேன். ஒரு கட்டிலும், சுற்றிவர நடமாட்டமும், கவனித்துக்கொள்ள வருகிறவருக்கு ஒரு பாயும் கொள்ள வேண்டும். கழிப்பறையையும் மீட்டரையும் பொதுவில் வைத்ததுதான் வளவைக் குலைத்தது. இவ்விரண்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தார்சாவைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கதவைத் திறந்ததும் பொதுநடை வந்துவிட்டால் மனிதர் கதவைச் சாத்தியே வைப்பார். நாலடி அகலத் தார்சா இருந்தால் உள்ளே இருக்கும்போதே வெளியேயும் இருக்கலாம். பேச மனமிருந்தால் நாற்காலியை முன்னே இழுக்கலாம், இல்லையென்றால் தட்டியை இறக்கிவிடலாம். வளவில் இல்லாத தட்டி இங்கே கட்டாயம்.

6.2 பொதுவானவை

கிணறு, துவைகல், துணி உலர்த்தும் தட்டட்டி, பெரிய அடுக்களை, அதையொட்டிய கூடம். சலவை இயந்திரம் வைத்தாலும் துவைகல்லடியில் வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். இவை தவிர இரண்டு அறைகளைப் பொதுவில் வைக்கச் சொல்வேன். ஒன்று விருந்தாளி அறை. பிள்ளைகள் வந்து நான்கு நாள் தங்க இடமிருந்தால் ஒவ்வொரு வீட்டையும் பெரிதாகக் கட்ட வேண்டியதில்லை. சஷ்டி நாட்களில் வரும் உறவினரும் கூடத்தோடு சேர்த்து இதில் தங்கலாம். மற்றது நோயாளி அறை. கிணற்றடிக்குப் பக்கத்தில், யாராவது கடந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும்.

6.3 முற்றமும் வாசலும்

முற்றம் கிழக்கு மேற்காக நீளட்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று அதன் வழியே ஓடும். வீடுகள் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்பதால் மேல்வெயில் சுவரில் படாது. தரைமட்டம் 2023 வெள்ளக்குறிக்கு மேலே, ஏறப் படியோடு சாய்தளமும் வேண்டும்.

வாசல் அகலத்துக்கு ஒரே அளவுகோல் சொல்கிறேன்: உள்ளிருந்து ஒரு பாடை வளையாமல் வெளியே வர வேண்டும். வாடகை வீட்டில் சாகக்கிடக்கும் முதியவரைக் காலி செய்யச் சொல்வதும், இறந்தவரை நேரே சுடுகாட்டுக்கு எடுத்துப்போகச் சொல்வதும் நம் ஊர்களில் நடக்கின்றன. கூடி வாழ வந்தவர் இங்கேயே கடைசி மூச்சை விடலாம், முற்றத்தில் கிடத்தப்படலாம், பதினாறு வீட்டுக்காரரும் சுற்றி உட்கார்ந்து அழ இடமுண்டு என்ற உறுதியை வரைபடமே தர வேண்டும். அதற்கு முற்றம் குறைந்தது பதினெட்டடி அகலம் கேட்கும். அடிப்படையான இந்த உரிமைக்காகச் செலவாகும் சதுர அடியை நான் ஒருபோதும் குறைக்க மாட்டேன்.

7. உடைமையும் துப்புரவும்

லயம் கற்றுத் தந்த பாடம், வீடு முதலாளியிடம் இருந்தால் வேலை போகும் நாளில் வீடும் போகும் என்பது. வளவு கற்றுத் தந்தது, ஒரே சொந்தக்காரர் இருந்தால் அவர் வாரிசுகள் பாகம் பிரிக்கும் நாளில் வளவும் போகும் என்பது. ஆகவே நிலமும் கட்டடமும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். குடியிருப்பவருக்கு ஆயுள் உரிமை. விலகும்போது கட்டிய பங்குத்தொகை திரும்பும், லாபத்துக்கு விற்க முடியாது. 1988 சட்டத்தின் கீழ் ஆரோவில்லின் சொத்துகள் தனியாருக்குப் போகாமல் இருப்பது இதற்கு ஓரளவு முன்மாதிரி. மாதச் சந்தாவில் ஒரு பகுதி கூரைப் பழுதுக்கென்று தனிக் கணக்கில் சேர வேண்டும், வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது.

துப்புரவைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிடலாம் என்று கூட்டங்களில் சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. பழைய வளவுக்குப் பின்னால் மலம் அள்ளுகிறவர் வருவதற்கென்று ஒரு சந்து இருந்தது. தெருவாசல் வழியே வர அவருக்கு உரிமை இல்லாத சந்து. சாதி கடந்த வீடு என்று சொல்லிவிட்டு அதன் அழுக்கை ஒரு சாதியிடம் தள்ளினால் அந்தச் சந்தை மறுபடி கட்டியதாகும். பொது இடங்களைக் கூட்டுவதும் கழுவுவதும் குடிலில் சமையல்முறை வைப்பதுபோல் வீட்டு வரிசைப்படி வரட்டும். இயலாத முதியவர் அதற்குப் பதிலாக அடுக்களைக்குக் காய் நறுக்கித் தரலாம்.

கழிவுநீர்த் தொட்டியின் இடமும் இதில் அடக்கம். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகும் தொட்டிக்குள் இறங்கி மனிதர்கள் சாகிறார்கள். தொட்டி வீட்டின் பின்மூலையில், வண்டி போக முடியாத இடத்தில் இருப்பது அதற்கு ஒரு காரணம். புதிய வீட்டில் அது தெருவாசலை ஒட்டி, உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில், கிணற்றுக்கு நேரெதிர்க் கோடியில், ஆள் இறங்க முடியாத அளவு சிறிய மூடியோடு இருக்க வேண்டும். வாசலில் தொட்டியா என்று முகம் சுளிப்பார்கள், வாஸ்து கேட்பார்கள். வரைபடத்தில் முதலில் அதைக் குறித்துவிட்டு, பிறகு மற்ற அறைகளை வரையச் சொல்கிறேன்.